நகர்த்தக் கூடாத பெட்டி

அட்டவணை அக்காவை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆறு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம், அவர் குட்டையா நெட்டையா என்றுகூடச் சத்தியமாகத் தெரியாது. வீடியோ அழைப்பில் தெரிவதெல்லாம் ஒரு நெற்றி, மூக்குக் கண்ணாடி, பின்னால் ஒரு இரும்பு பீரோ. ஆனால் அவர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார், செவ்வாய் மதியம் மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போவார், மாதத்தில் ஒரு நாள் பீரோவை ஒழிக்கப் போவதாக எழுதிவிட்டு ஒழிக்க மாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எல்லாம் அட்டவணையில் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஆறு பேர். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வீடு. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் வகுப்புகளுக்கு எழுத்து போடுவது எங்கள் வேலை. ஆசிரியர் பேசப் பேச அவர் சொல்வது திரையின் அடியில் வரி வரியாக ஓட வேண்டும். பதிவு செய்த பாடம் என்றால் ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் கேட்டுத் திருத்துவார், மூன்றாமவர் ஆசிரியரின் உதடும் எழுத்தும் ஒன்றாக வருகிறதா என்று நொடி பார்த்துப் பொருத்துவார். நேரலை வகுப்பு என்றால் அந்த வசதியெல்லாம் கிடையாது. காதில் விழுந்தது விழுந்தபடி விரலில் வர வேண்டும். முக்கால் மணி நேரம் முடிந்து எழுந்தால் தோள்பட்டை நம்முடையதா என்று சந்தேகம் வரும்.

யார் எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்பதுதான் நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் வருடம் நடந்ததோ பெரிய கூத்து. நான் மதியம் முடித்து அனுப்புவேன். திருத்துகிறவர் அப்போதுதான் சாப்பிட்டுப் படுத்திருப்பார். அவர் எழுந்து திருத்தி அனுப்பும்போது பொருத்துகிறவர் கடைத்தெருவில் இருப்பார். ஒரு கணக்குப் பாடம் இப்படி மூன்று வீட்டில் ஊறி ஊறி, பரீட்சை முடிந்த மறுநாள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலாளர் கூப்பிட்டுக் கத்தினார். அவர் இருக்கும் தேசத்தில் எப்போதும் நமக்கு ஒரு நாள் பின்னால்தான். எந்தக் கூட்டத்தையும் "இங்க இன்னும் நேத்துதான்" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வந்து சேர்ந்தார். அதற்கு முன் பதினாறு வருடம் ஒரு பஸ் டிப்போவில் டியூட்டி சார்ட் போட்டவர். நூற்று நாற்பது டிரைவர், அதே அளவு கண்டக்டர். எந்த வண்டிக்கு யார், யாருக்கு எப்போது ஓய்வு, யாருக்குப் பதில் யார் என்று தினமும் பெரிய தாளில் கட்டம் போட்டு ஒட்டுவாராம். டிப்போவை நகரத்துக்கு வெளியே இரண்டரை மணி நேரத் தூரத்துக்கு மாற்றியதும், போகவர ஐந்து மணி நேரம் ஆகிறது என்று வேலையை விட்டுவிட்டு இங்கே பொருத்துகிற ஆளாக வந்தார். எங்கள் லட்சணத்தை ஒரு மாதம்தான் அவரால் பொறுக்க முடிந்தது. யாரும் கேட்காமலே எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு அட்டவணையைத் திறந்தார். ஆளுக்கு ஒரு வரிசை, மணிக்கு ஒரு பெட்டி.

அதில் அவர் வைத்த ஒரு சட்டம்தான் எனக்கு ஆகவே ஆகாது. வேலை செய்யாத நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். 'பிஸி' என்று எழுதினால் மறுநாள் காலை அந்தப் பெட்டியில் ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருக்கும்.

"பிஸின்னு போட்டா எனக்கு என்ன புரியும்? துணி காயப்போடறதும் பிஸிதான், ஆஸ்பத்திரியும் பிஸிதான். எதை நகர்த்தலாம், எதைத் தொடவே கூடாதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்பார்.

தொடவே கூடாத பெட்டியைச் சுற்றித் தடிமனாகக் கறுப்புக் கோடு போடுவார். அதன்பின் மேலாளரே வந்தாலும் அந்தப் பெட்டி அசையாது. தன் வரிசையில் அவர் கூச்சமே இல்லாமல் எழுதுவார். 'மாமியாருடன் சண்டை, பதினைந்து நிமிடம்.' பக்கத்துப் பெட்டியில், 'சமாதானம், டீ.'

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். எண்ணெயில் போட்ட மாதிரி வெடிக்கிறேன் என்று அக்காதான் எனக்குக் 'கடுகு' என்று பெயர் வைத்தார், குழு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. என் வீட்டில் நான் என்ன செய்தால் இவர்களுக்கு என்ன என்பது என் கட்சி. அதனால் என் வரிசையில், தினமும் காலை எட்டரையிலிருந்து ஒன்பதே முக்கால் வரை, 'வாடிக்கையாளர் கூட்டம்' என்று எழுதிவைத்தேன். அப்படி ஒரு வாடிக்கையாளர் உலகத்திலேயே கிடையாது.

அந்த நேரத்தில் நான் இருந்தது என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ஒரு சிமென்ட் பெஞ்சில்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். முந்தைய வருடம் ஒரு நாள், என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையாக இருந்தாள். மகளை நானே கூட்டிவருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சொன்னது நான்தான், அதில் சந்தேகமே இல்லை. மூன்று மணிக்கு அவசரமாக ஒரு பாடம் வந்தது. காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் ஐந்தே காலுக்குத்தான் நிமிர்ந்தேன். போய்ப் பார்த்தால், பூட்டிய கேட்டுக்கு வெளியே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் நிற்கிறாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, வண்டி பழுது என்று சொன்னேன். குழந்தையிடமும் பொய்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே வாந்தி. பள்ளிக்கூடத்தை மாற்றிப் பார்த்தோம். புதுப் பள்ளியில் ஒரே நிபந்தனையின் பேரில் உள்ளே போனாள். வகுப்பு ஜன்னலிலிருந்து தெரிகிற பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், முதல் இடைவேளை மணி அடிக்கும் வரை. அவள் அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள், நான் கையை ஆட்டுவேன். ஒருநாள் தண்ணீர் பாட்டில் வாங்க நான் எழுந்துபோன ஐந்து நிமிடத்தில் அவள் படி இறங்கி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அன்றும் அதற்கடுத்த நான்கு நாளும் பள்ளிக்கூடம் இல்லை. வகுப்பாசிரியை எங்களைக் கூப்பிட்டு, இன்னும் பத்து நாள் விடுப்பானால் இந்த வருடத்தை மறுபடியும்தான் படிக்க வேண்டியிருக்கும் என்று தன்மையாகச் சொன்னார். மனைவி காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போகிறவள். ஆகவே பெஞ்ச் என்னுடையது. கேட்டில் நிற்கவிட்ட பாவமும் என்னுடையதுதானே. இதைப் போய் ஐந்து பேர் பார்க்கிற பெட்டியில் எழுத எனக்குக் கை கூசியது.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எங்களில் ஒருவருக்குப் பிரசவ விடுப்பு. அவர் பார்த்துவந்த ஒன்பது மணி நேரலை வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. நேரலையில் வேகமானவன் நான். அக்கா அட்டவணையைப் பார்த்திருக்கிறார். ஐயோ பாவம், கடுகு தினமும் தனியாக ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுகிறாரே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. கஷ்டமான ரூட்டை ஒரே டிரைவருக்கு வாரம் முழுக்கப் போடக் கூடாது என்பது அவருடைய டிப்போ வழக்கம். அதன்படி, திங்கள், புதன், வெள்ளி என் 'வாடிக்கையாளர் கூட்டத்தை' எங்கள் குழுவின் புதுமாப்பிள்ளைக்கு மாற்றிவிட்டு, நேரலை வகுப்பை எனக்குப் போட்டார். போட்டுவிட்டு ஒழுங்காக எனக்குச் செய்தியும் அனுப்பினார். அட்டவணைச் செய்தி என்றாலே எரிச்சல்படுகிற நான், படிக்காமலே கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

புதன்கிழமை எட்டு இருபத்தைந்து. மகள் உள்ளே போய் முதல் தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். நான் பெஞ்சில் இருக்கிறேன். போன் அடித்தது. புதுமாப்பிள்ளை.

"அண்ணே, மீட்டிங் லிங்க் இன்னும் வரலையே. சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டு ரெடியா உக்காந்திருக்கேன். கல்யாணத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் போடறேன்."

"எந்த மீட்டிங்?"

"உங்க வாடிக்கையாளர்ண்ணே. நீங்கதான் ஒன்பது மணிக்கு லைவ்ல இருக்கீங்களே."

அட்டவணையைப் போனில் திறந்து பார்த்தேன். கொட்டை எழுத்தில் என் பெயர். அறிவியல் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். ஒன்பது மணிக்கு ஆசிரியர் வாயைத் திறப்பார், கீழே எழுத்து ஓடாவிட்டால் அந்த முப்பத்தொரு பேருக்கும் அவர் வாயசைக்கிற ஆள், அவ்வளவுதான். வீடு இருபது நிமிட நடை. இப்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம். நிமிர்ந்தேன். ஜன்னலில் மகள். கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

அக்காவைக் கூப்பிட்டேன். கூப்பிடும்போதுகூட இன்னொரு பொய்யைத்தான் தயார் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் மின்சாரம் இல்லை, அந்த மாதிரி ஏதோ. அவர் "சொல்லுங்க கடுகு" என்றார். குரலில் ஒரு சந்தேகம் இல்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ, பெஞ்ச், ஜன்னல், கேட், மறந்துபோன அந்தச் சாயங்காலம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாடிக்கையாளர் என்று யாருமே இல்லை அக்கா என்று முடித்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, "ஐயோ பாவம்" கூடச் சொல்லவில்லை.

"பொண்ணு இப்போ பாக்குதா?"

"பாக்குது."

"அப்போ நீங்க எந்திரிக்கவே கூடாது. எத்தனை மணி வரைக்கும்?"

"ஒன்பதே முக்கால்."

"சரி, நேரலையை நானும் மாப்பிள்ளையும் பாத்துக்கறோம். நீங்க போனைப் பைக்குள்ள வெச்சுட்டுப் பிள்ளையப் பாருங்க."

அக்கா நேரலை செய்கிறவர் இல்லை. விரல் மெதுவாகத்தான் போகும். அவரும் அயர்ன் சட்டை மாப்பிள்ளையும் ஐந்து ஐந்து நிமிடமாக மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறார்கள். போனைப் பைக்குள் வைக்கச் சொன்னாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, வகுப்பைத் திறந்து பார்த்தேன். எழுத்து இரண்டு வரி பின்தங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் வேர் நீரைத் 'தின்கிறது' என்று இருந்தது. பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். பரவாயில்லை, பாடம் போய்ச் சேர்ந்தது.

அன்று மதியம் அக்காவே கூப்பிட்டார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. டிப்போவில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரு டிரைவர் வியாழக்கிழமை தோறும் நாலு மணி வண்டியை வேறு யாருக்காவது போடும்படி கேட்பாராம். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பாராம். ஒரு வியாழக்கிழமை அந்த மாமியாரைக் கடைத்தெருவில் இரண்டு கையிலும் பையோடு அக்கா பார்த்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு நாலு மணி வண்டியைக் கட்டாயமாகப் போட்டார்.

"அவரு பையன் எங்கயோ ஹாஸ்டல்ல இருந்திருக்கான். ஏதோ தப்புப் பண்ணி, அடங்காத பசங்களைப் போடற ஹாஸ்டல். பாக்க விடறது வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு மட்டும். வெளிய சொல்ல வெக்கம். மூணு வாரம் போக முடியல. நாலாவது வாரம் லீவு போட்டுப் போனப்போ பையன் பாக்க வர மாட்டேன்னுட்டானாம். அதை அவர் எங்கிட்ட வந்து சொல்லிட்டு வண்டியெடுக்கப் போயிட்டாரு. பொய்யைக் கண்டுபிடிச்சேன்னு நான் மூணு வாரமாப் பெருமையா இருந்திருக்கேன் பாருங்க."

அட்டவணையில் பெட்டிக்குப் பெட்டி மூக்கை நுழைக்கிற பெண்மணி என்று அவரைப் பற்றி மனைவியிடம் எத்தனை தடவை பொருமியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை என் வரிசையில் எட்டரைப் பெட்டியைச் சுற்றித் தடிமனாகக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அதை என் விருப்பத்துக்கு விட்டிருந்தார். நான் 'மகள்' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேலாளர், இங்கே இன்னும் நேற்றுதான் என்று ஆரம்பித்து நேராக என்னிடம் வந்தார். வாடிக்கையாளர் பட்டியல் முழுக்கத் தேடிவிட்டாராம், என் வாடிக்கையாளரைக் காணவில்லையாம். "ஒன்பது மணி நேரலைதான் நம்ம முதல் வேலை. அந்த நேரத்துல வர முடியாது, அதுக்கு இல்லாத மீட்டிங் வேற. இப்படி ஒருத்தர் டீம்ல எதுக்கு?" என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அந்த வாடிக்கையாளருக்கு ஏழு வயசு சார்" என்றார் அக்கா. நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பொய் எழுதியது தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னார். பிறகு, "ஒன்பது மணிக்கு ஆள் இருக்கு. திங்கள், புதன், வெள்ளி நான். மத்த ரெண்டு நாள் மாப்பிள்ளை. கடுகு மதியம் என்னோட பொருத்தற வேலையை எடுத்துக்கறாரு. ஒரு பெட்டிகூடக் காலியா இல்ல, பாத்துக்கோங்க" என்றார்.

மேலாளர் அட்டவணையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "நீங்க லைவ் பண்ணுவீங்களா?"

"பழகிட்டிருக்கேன் சார். வேர் தண்ணியைத் தின்னாம பாத்துக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். அப்படித்தான் என் வேலை தப்பியது.

அக்காவுக்கு அந்த மூன்று நாள் ஒன்பது மணி எங்கிருந்து கிடைத்தது என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை. நம் கஷ்டம் தீர்ந்தால் போதும் என்றுதானே புத்தி போகிறது. ஒரு மாதம் கழித்து, பழைய பாடம் ஒன்றின் தேதியைத் தேடி முந்தைய வாரங்களைப் புரட்டினேன். அதுவரை என் வரிசையைத் தவிர எதையும் நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அக்காவின் வரிசையில் திங்கள், புதன், வெள்ளி ஒன்பது மணிப் பெட்டிகளில் தடிமனான கறுப்புக் கோடு. உள்ளே 'நீச்சல்' என்று இருந்தது. பொது நீச்சல் குளத்தில் பெண்களுக்கு விடுகிற நேரம் அது ஒன்றுதானாம். ஐம்பத்தொரு வயதில் நீச்சல் பழகச் சேர்ந்திருக்கிறார். கடைசியாகப் போன திங்கட்கிழமைப் பெட்டியில், 'நீச்சல். இன்று மிதந்தேன்' என்று எழுதியிருந்தார். அடுத்த புதன்தான் நான் பெஞ்சிலிருந்து கூப்பிட்டது.

உடனே கூப்பிட்டு, ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். நன்றி சொல்லக்கூட எனக்குச் சண்டை போடத்தான் தெரிகிறது.

"தண்ணி எங்கயும் ஓடிடாது கடுகு" என்று வைத்துவிட்டார்.

மகள் மெல்ல மெல்லத் தேறினாள். ஆரம்பத்தில் ஒரு காலையில் இருபது தடவை எட்டிப் பார்த்தது பத்தாகி, நாலாகி, சில நாள் இடைவேளை மணிக்குத்தான் ஞாபகம் வந்து பார்க்கிற அளவுக்கு வந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் கேட்டில் நின்று, "நீ வீட்டுக்குப் போப்பா. பெஞ்ச்கிட்ட ஒரு தாத்தா வந்து வந்து பாத்துட்டுப் போறாரு. அவருக்கு இடம் வேணும்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கே என் பெட்டிய எடுத்துடுங்க. நேரலைய நான் பாத்துக்கறேன், நீங்க குளத்துக்குப் போங்க."

"ஒரு மாசம் இருக்கட்டும்."

"சும்மா காலியா இருக்கும் அக்கா."

"இருக்கட்டுமே. காய்ச்சல்லேர்ந்து எழுந்து வர்ற டிரைவருக்கு மறுநாளே வண்டி குடுக்க மாட்டேன். ஸ்பேர் ஆளா டிப்போல சும்மா உக்கார வெப்பேன். பொண்ணு இப்பத்தான் எழுந்து வந்திருக்கா."

கத்திப் பார்த்தேன். பிடித்த பிடியில் நின்றார். ஆக, அந்த ஒன்றேகால் மணி நேரம் நான் வீட்டில் பாத்திரம் கழுவினேன், செருப்புகளை வரிசையாக வைத்தேன், ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். எனக்காக அங்கே ஒருவர் மெதுவான விரல்களோடு தட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் அப்படிப் போனது. ஒவ்வொரு நாளும் உறுத்தியது.

நாலாவது வாரம் திங்கட்கிழமை, விடியும்போதே மழை. பள்ளி வாசலில் வழக்கமான வகுப்பாசிரியை இல்லை, லீவாம். யாரோ புதியவர் குடையோடு நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். மகள் கேட்டுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். என் விரலைப் பிடித்த பிடி இறுகியது. அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

"இன்னைக்கு மட்டும் உக்காருவியா?"

"உக்காருறேன்."

"போன்ல மணி பாக்கலையா?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்த அந்த நேரம் இந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் அங்கே இருந்திருக்கிறது. அக்காவை நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. மழை என்பதால் மகளுக்குத் தெரியவில்லை.

"உன் வேலைய யாரு பாப்பாங்க?"

"ஒரு அத்தை பாத்துக்கறாங்க."

"அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு" என்றேன். "இருந்தும் பாத்துக்கறாங்க."

மகள் என் விரலை விட்டுவிட்டு உள்ளே போனாள்.